கூப்பிடு தூரம்

— மாத்த முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க தம்பி.

— முடியாதுன்னு சொல்லலக்கா. ஆர்டர் பண்ணினது சார். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...

— அவர் பொண்டாட்டி நான் சொல்றேன், போதாதா?

— போதும் போதும்... ஆனா சார் இங்க வந்து, ரெண்டு ஹெட்ஃபோனையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டு, மூடினதுதான் வேணும்னு சொல்லிட்டுப் போனாரு. நீங்க இப்ப தெறந்ததுங்கறீங்க. நாளைக்கு வந்து என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு.

— யாரு, அவரா? எறும்பு கடிச்சாக்கூட அதைப் பத்திரமா எடுத்து ஓரமா விடற ஆளு. மாத்துங்க.

— காரணத்தச் சொல்லுங்க, மாத்தறேன்.

— காது வேர்க்குது அவருக்கு.

— சார் சொன்னாரா?

— நான் சொல்றேன்.

— அவர் காது வேர்க்கறது உங்களுக்கு எப்படிக்கா...

— இத்தனை வருஷமா அவர் தலகாணி உறையத் துவைக்கறவ நான்.

— ஐயோ சரி, வேர்க்குது. வேற?

— கனம். கழுத்து வலிக்கும்.

— ரெண்டும் ஒரே கனம்தான். இந்தாங்க, கைக்கொண்ணா தூக்கிப் பாருங்க... பாத்தீங்களா? ரெண்டுமே பிளானர். உள்ள மெல்லிசா ஒரு சவ்வு, ரெண்டு பக்கமும் காந்தம். கனமெல்லாம் காந்தத்தோடது. மூடினதுக்கு முதுகுல மரக் கிண்ணம், தெறந்ததுக்குக் கம்பி வலை. பாக்கறதுக்கு அவ்வளவுதான் வித்தியாசம்.

— கேக்கறதுக்கு?

— அங்கதான் மலைக்கும் மடுவுக்கும். தெறந்தது, மொட்டை மாடியில உக்காந்து பாட்டு கேக்கற மாதிரி. மூடினது, உள்ரூம்ல கதவச் சாத்திட்டுக் கேக்கற மாதிரி. உள்ள இருக்கறது வெளிய போகாது, வெளிய இருக்கறது உள்ள வராது.

— அதான்! அந்த வெளிய இருக்கறது உள்ள வராதுங்கறீங்களே... அதுதான் எனக்கு வேண்டாம்.

— ஏன்க்கா?

— வேண்டாம்னா வேண்டாம். ...இது என்ன, இவ்வளவு பெரிய பொட்டி?

— ஆம்ப்ளிஃபயர். சார் ஆர்டர்தான் அதுவும்.

— வீட்ல ஒண்ணு இருக்கே, உள்ளங்கை அளவுக்கு.

— பிளானருக்குக் கரண்ட் நெறைய வேணும்க்கா. சின்னதுல சொருகினா சத்தம் வரும், ஆனா சவசவன்னு இருக்கும்.

— அதுக்கு இவ்வளவா? தெருவே எந்திரிச்சு உக்காந்துடும் போலருக்கே.

— இதுல பாதி இருந்தாப் போதும்னு நானும் சொன்னேன்...

— பின்ன?

— சார் இதுதான் வேணும்னுட்டாரு.

— இந்த வயர்? வீட்டையே ஒரு சுத்து கட்டலாம் போல. இது... மைக்கா? மைக் எதுக்குத் தம்பி அவருக்கு?

— அது... அந்தப் பொட்டியில மைக் சொருகவும் ஒரு ஓட்டை இருக்கு. சேத்து வாங்கிட்டாரு.

— அவர் மைக்ல பேசறவரே இல்லையே. யாராரோ புத்தகம் படிச்சு அனுப்புவாங்க. நடுவுல வர்ற மூச்சு, நாக்கு தட்டறது, எச்சில் முழுங்கறது, அதையெல்லாம் வெட்டிக் குடுக்கறவரு.

— தெரியும்க்கா, ஒலிப்புத்தகம். சார் சொல்லிருக்காரு. இருங்க, எதுக்கும் ஒரு போன் போட்டு...

— போடாதீங்க! ...போட்டாலும் எடுக்க மாட்டாரு. இப்பல்லாம் எல்லாத்துக்கும் மெசேஜ்தான். நான் இங்க வந்தது அவருக்குத் தெரியக் கூடாது.

— சரி, போடல. உக்காருங்க முதல்ல. தண்ணி?

— தண்ணியெல்லாம் வேண்டாம். நீங்க அந்தத் தெறந்ததப் போட்டுக்கங்க.

— நானா? வாங்கப் போறது நீங்க...

— போட்டுக்கங்க தம்பி. ஏதாவது ஒரு ஆளு பேசற ரெக்கார்டிங்கா வைங்க. அவர் வேலை பாக்கும்போது வைக்கற அளவுக்கு. அந்தக் கடைசி நாற்காலியில, எனக்கு முதுகக் காட்டிட்டு உக்காருங்க.

— என்னக்கா, கண்ணாமூச்சியா?

— உக்காருங்களேன்.

— உக்காந்தாச்சு. ...அக்கா? என்ன தரையில உக்காந்துட்டீங்க? ஸ்டூல் இருக்கே!

— திரும்பாதீங்க. உக்காரல, படுக்கப் போறேன்.

— அக்கா, யாராவது கடைக்குள்ள வந்தா என்ன நினைப்பாங்க...

— ஏதோ கீழ விழுந்துடுச்சு, தேடறாங்கன்னு நினைப்பாங்க. நின்னுட்டுக் கூப்பிட்டா ஒரு மாதிரி கேக்கும், தரையில கிடந்து கூப்பிட்டா வேற மாதிரி. அதுதான் எனக்குத் தெரியணும். திரும்புங்க.

— ...

— ஏங்க...

— ...

— ஏங்க... இங்க வாங்களேன்...

— கேக்குது! ரெண்டாவது நல்லாவே கேட்டுது. முதல்லயும் ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சு.

— கேட்டுதா? நிஜமா? எனக்காகச் சொல்லலயே?

— நிஜமாக்கா. "இங்க வாங்களேன்"னீங்க.

— அப்பாடா... சரி, இப்ப மூடினதப் போட்டுக்கங்க.

— விட மாட்டீங்க போல. ...ம், போட்டாச்சு. கூப்பிடுங்க.

— ...

— கூப்பிட்டாச்சா?

— ...

— அக்கா, இன்னும் கூப்பிடலையா? ...அக்கா? இல்ல, விளையாடறீங்களா... அக்கா! ஐயையோ, அக்கா!

— கத்தாதீங்க. முழிச்சுட்டுத்தான் இருக்கேன்.

— உசிரே போயிடுச்சு எனக்கு! மூஞ்சியெல்லாம் இப்படி வெளுத்துக் கிடக்கு... ஏன் கூப்பிடல?

— கூப்பிட்டேன் தம்பி. தொண்டை கிழியற வரைக்கும் கூப்பிட்டேன். நீங்க காலாட்டிட்டு உக்காந்திருந்தீங்க.

— ஒண்ணுமே கேக்கலக்கா...

— அவரும் அப்படித்தான் உக்காந்திருந்தாரு.

— எழுந்திருங்க மெதுவா... கையப் பிடிங்க. சுவத்துல சாஞ்சுக்கங்க. என்னைக்கு?

— போன வெள்ளிக்கிழமை. சமையலறையில. அடுப்ப அணைச்சேன், அது ஞாபகம் இருக்கு. அப்புறம் தரை குளுகுளுன்னு கன்னத்துல ஒட்டிட்டு இருக்கு. எந்திரிக்கப் பாத்தா கை கால் என்னோடது மாதிரியே இல்ல. அவர் ரூம் எதிர்த்தாப்லதான். கதவ ஒருக்களிச்சு வச்சிருந்தாரு. அந்த முதுகு உசந்த நாற்காலி தெரியுது, அவர் கால் தெரியுது, தலை தெரியல. கூப்பிடறேன், கூப்பிடறேன்... கால் அசையவே இல்ல.

— டாக்டர்கிட்டப் போனீங்களா?

— அதுக்கு முன்னாடியே போயிட்டுத்தான் இருக்கேன், அவருக்குத் தெரியாம. அது முதல் தடவையும் இல்ல. நெஞ்சு நடுநடுவுல துடிக்க மறந்துடுதாம். ஏதோ கருவி வைக்கணும், அதுக்கு இன்னும் டெஸ்ட் பாக்கி இருக்கு. அதுவரைக்கும் தனியா இருக்காதீங்க, கூப்பிடு தூரத்துல ஒரு ஆள் எப்பவும் இருக்கணும்னாங்க. நான் சொன்னேன், என் வீட்டுக்காரர் நாள் முழுக்க வீட்லயேதான் இருக்காரு டாக்டர், எனக்கென்ன பயம்னு... பெருமையாச் சொல்லிட்டு வந்தேன் தம்பி.

— சார்கிட்டச் சொல்லிட வேண்டியதுதானேக்கா!

— சொன்னா? வேலையத் தூக்கிப் போட்டுட்டு என் பின்னாடியே சுத்துவாரு. ஏற்கெனவே ரெண்டு புத்தகம் திரும்பி வந்துடுச்சு. வார்த்தையெல்லாம் நடுவுல அறுபட்டிருக்குன்னு கம்பெனியில கோவிச்சுக்கிட்டாங்க. இந்த வேலையும் போயிட்டா மனுஷன் ஒடிஞ்சுடுவாரு. அதுவும் இல்லாம...

— சொல்லுங்க.

— சிரிக்கக் கூடாது. கொஞ்ச நாளா, நான் வாயத் தெறந்தாப் போதும், எல்லாத்தையும் விட்டுட்டு என் மூஞ்சியையே பாத்துட்டு இருக்காரு. கல்யாணமான புதுசுல கூட அப்படிப் பாத்ததில்ல. அந்த மூஞ்சியில போய் பயத்த வைக்க எனக்கு மனசு வரல.

— மூஞ்சியையேவா...

— என்ன, சிரிப்பீங்கன்னு பாத்தா இப்படி ஆயிட்டீங்க?

— ஒண்ணுமில்லக்கா.

— பயமா இருக்கு தம்பி. ராத்திரி தூங்கறதுக்கு பயம், குளிக்கறதுக்கு பயம். அந்த ரூம் கதவப் பாத்தாலே பயம். அதான், தெறந்தது ஒண்ண வாங்கி அவர் காதுல மாட்டிவிட்டுட்டா, கதவ முழுக்கத் தெறந்து வச்சுட்டு நிம்மதியா இருப்பேன். இருக்கற பழசுதான் காத அடைச்சுட்டு எதையும் உள்ள விட மாட்டேங்குது.

— பழசுன்னு... அவரு சொன்னாரா?

— அன்னிக்குச் சாயங்காலம் சும்மா கேக்கற மாதிரி கேட்டேன், கூப்பிட்டேனே, காதுல விழலையான்னு. ஹெட்ஃபோன் போட்டிருந்தேன்மான்னாரு. ...சரி, பேச்சு போதும். தெறந்ததப் பொட்டியில போடுங்க. என்ன நிக்கறீங்க?

— போட மாட்டேன்க்கா.

— என்னது?

— இதை நீங்க எடுத்துட்டுப் போனா, கேக்கும்னு நம்பிட்டு இருப்பீங்க. அது என்னால முடியாது. சொல்ல மாட்டேன்னு சார்கிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன், அதை மீறறதும் தப்புதான்... பின்னாடி அந்த அலமாரியப் பாருங்க. ரெண்டாவது தட்டு.

— என்ன அங்க? ...இது அவரோட பழசு மாதிரி... இந்தப் பச்சை நூலு! வயர் விட்டுப் போச்சுன்னு நான்தான் சுத்திக் கட்டினேன். இது எப்படி இங்க?

— போன மாசமே கொண்டு வந்து குடுத்துட்டாரு. ஒரு பக்கம் சுத்தமாக் கேக்கல, இன்னொரு பக்கமும் மங்கிட்டே வருது, என்னன்னு பாருன்னு. கழட்டிப் பாத்தேன். சவ்வு, வயர், எல்லாம் நல்லாருக்கு. ரெண்டு பக்கமும் அருமையாப் பாடுதுக்கா.

— போன மாசம்னா... அப்ப வெள்ளிக்கிழமை...

— காதுல ஒண்ணும் இல்ல. சும்மாத்தான் உக்காந்திருந்திருக்காரு.

— இல்ல. இல்ல தம்பி, வேலை பாக்கறாரே தினமும்! காது கேக்காம எப்படி வெட்டுவாரு?

— ஸ்கிரீன்ல அலை அலையா ஓடும் இல்ல? அதக் கண்ணால பாத்து வெட்டறாராம். மூச்சுன்னா சின்ன மேடாத் தெரியுமாம். சில சமயம் வார்த்தையும் அதே மாதிரி மேடாத்தான் இருக்கும், மாட்டிக்கறேன்னாரு.

— அப்ப என் மூஞ்சியையே பாத்தது...

— உதட்டப் பாத்திருக்காருக்கா.

— ஐயோ... கடவுளே... கீழ விழுந்து கிடக்கறவ உதடு எப்படித் தம்பி தெரியும் அவருக்கு? இனி நான் யாரக் கூப்பிடுவேன்?

— அழாதீங்க. மூச்ச நல்லா இழுத்து விடுங்க... உங்களுக்கு ஆகாது, அழாதீங்க.

— கேக்காதவருக்கு எதுக்கு இந்த ஹெட்ஃபோன்? எதுக்கு இவ்வளவு பெரிய பொட்டி? யாரு பாட்டக் கேக்கப் போறாரு?

— பாட்டு இல்லக்கா. அந்த மைக்கு உங்க சமையலறைக்கு. பரண்ல டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்க. நீள வயரு, அங்கேர்ந்து அவர் ரூம் வரைக்கும். ஆம்ப் இவ்வளவு பெரிசா இருந்தாத்தான் மிச்சம் இருக்கற காதுக்கு எட்டும். இங்கயே வச்சுப் பாத்தோம். அந்த மூலையில ஒரு டம்ளரக் கீழ போட்டேன், மூடினதுல சாருக்குக் கேட்டுது. மனுஷன் கண்ணுல தண்ணி.

— சமையலறையிலயா? அப்ப நான் விழறது... அவருக்குத் தெரியுமா?

— ஒரு நாள் நீங்க சுவத்தப் பிடிச்சு எந்திரிக்கறத, வாசப்படியில நின்னு பாத்தாராம். கையில காயம் என்னன்னு கேட்டதுக்கு, அலமாரி இடிச்சுடுச்சுன்னீங்களாம்.

— சொன்னேன்... ஆமா, சொன்னேன். ...அப்ப இந்த மூடினது எதுக்கு? தெறந்ததா இருந்தா கேக்காதா?

— கேக்கும். ஆனா அவ்வளவு சத்தம் வச்சா, வலை வழியா வெளிய கசியும். நீங்க ரூம் பக்கம் வந்தா, உங்க பாத்திரம் உருள்றது, உங்க இருமல், எல்லாம் அவர் காதுலேர்ந்து உங்களுக்கே கேட்டுடும்னு சொன்னேன். உடனே தெறந்ததத் தள்ளி வச்சுட்டாரு. "அவ விழுந்தா எனக்குக் கேக்கணும்பா. எனக்குக் கேக்கலங்கறது மட்டும் அவளுக்குத் தெரியவே கூடாது, பயந்துடுவா"ன்னாரு.