மீனலோசனி தியேட்டர்

– நில்லும், நில்லும் பிரியந்தன். அகதிக் கேஸ் பாக்கிற ஒபிசர், ஊரைப் பற்றி நான் எழுதுற என்ர வெப்சைட்டை வாசிச்சிருக்கிறானோ?

– வாசிச்சுத்தான் ஐயா என்ர கேசை ரிஜெக்ட் பண்ணினவன். வேலன்துறைச் சந்தியில மீனலோசனி தியேட்டர் இருக்கு, இவருக்கு அது தெரியேல்லை, ஆனபடியால் இவர் அந்த ஊர் இல்லை எண்டு எழுதியிருக்கிறான்.

– கேட்டீரோ, இஞ்ச லண்டனில, குட்மேய்ஸில இருக்கிற எங்கட ஊர்ச் சனம் ஒண்டும் அதைத் திறந்து பாக்கிறேல்லை. இந்தக் கணேசலிங்கம் எழுதினதை வெள்ளைக்காரன் எடுத்துக் காட்டுறான்!

– திங்கட்கிழமை எனக்குக் கோர்ட். தோத்தா பிளேனில ஏத்திப் போடுவாங்கள் ஐயா.

– அதுக்கு நான் என்ன செய்ய? தியேட்டர் இருக்குத்தானே. அப்பா கட்டினது, அம்மான்ர பேர். மெட்ராஸிலயிருந்து படப்பெட்டி வரும். புரொஜெக்டர் இந்த லண்டனிலயிருந்து கப்பலில வந்தது. பள்ளிக்கூடம் போற காலத்திலயே நான்தான் படம் ஓட்டினனான், கேட்டீரோ. வேலன்துறையான் எண்டா அதை அறியாமல் இருக்கேலுமோ?

– உங்கட அப்பாவோ கட்டினவர்?

– ஓம். ஏன்?

– ஒண்டுமில்லை. நான் பிறக்கேக்க அங்க தியேட்டர்ப் பேர் போட்ட போர்ட் இல்லை ஐயா, முள்ளுக்கம்பிதான். எங்களுக்கு அது ஆமிக் காம்ப். பிடிச்சு உள்ள வைச்சிருக்கேக்க கூட அது தியேட்டர் எண்டு எனக்குத் தெரியாது.

– ஆமி சாமான் வைக்கிற ஸ்ரோர் எண்டுதான் எங்களுக்குச் சொன்னவை. கேசுக்காக ஆக்கள் எத்தினையோ கதை சொல்லுகினம் தம்பி.

– பின்சுவரில, உயரத்தில, ரெண்டு சதுர ஓட்டை. காவலுக்கு நிக்கிற சென்றிக்காரன் அதுக்குள்ளால டோர்ச் அடிச்சு எங்களை எண்ணுவான்.

– அது... புரொஜெக்டர் ஓட்டை.

– தரை முன்னுக்குச் சரிவு. தண்ணி அடிச்சுக் கழுவினா எல்லாம் முன்னுக்குத்தான் ஓடும். நடக்கேலாத ஆக்களை அங்கதான் போடுவாங்கள்.

– காணும், நிப்பாட்டும் தம்பி.

– இதை ஒரு கடிதமா எழுதித் தாங்கோ. வெப்சைட்டில இருக்கிறது பழைய கதை, பிறகு அது காம்பா இருந்தது எண்டு. வேற ஒண்டும் வேண்டாம்.

– ஏலாது. கோவிக்காதையும். போன வருசம்தான் ஆமி காம்பை எடுத்துக்கொண்டு போய்க் கட்டடத்தைத் திருப்பித் தந்தது. அதைக் கலியாண மண்டபமாக்கிறன். தையில என்ர மகள் மிதுஷான்ர கலியாணம்தான் முதல் கலியாணம். இந்தக் கதை வெளிய வந்தா மாப்பிள்ளை பகுதி அந்தப் படி ஏறுமோ?

– என்னைத் திருப்பி அனுப்பினா என்ன நடக்கும் எண்டு தெரிஞ்சும் இப்பிடிச் சொல்லுறியள்.

– எனக்கும் ஒரு தம்பி இருந்தவன். இருக்கிறான். வாசுதேவன். தியேட்டரை விட்டிட்டு வரமாட்டன் எண்டு ஊரிலயே நிண்டவன். சண்டை முடியிற நேரம் ஒஸ்ரேலியாவுக்குக் கப்பல் ஏறினவன் எண்டு கேள்வி. இன்னும் ஒரு போன் இல்லை. எப்பவாவது வந்து பாக்கேக்க அப்பான்ர கட்டடத்தில லைற் எரியவேணும். எனக்கு அதுதான் ஆசை.

– மணவறை எங்க வைக்கப் போறியள்?

– முன்னுக்கு, திரை இருந்த இடத்தில. ஆமி போகேக்க நல்ல சீமெந்து மேடையொண்டு விட்டிட்டுப் போயிருக்கிறாங்கள். கல்லு மாதிரி இருக்கு, உடைக்கத் தேவையில்லை எண்டு மேசன் சொன்னவன்.

– அந்தச் சீமெந்து குழைச்சது நாங்கள் ஐயா. எங்களைக் கொண்டுதான் குழைப்பிச்சவங்கள். அதுக்குக் கீழ மூண்டு பேர்.

– என்ன கதைக்கிறீர் நீர்?

– உங்கட அப்பாதான் கட்டினவர் எண்டு சொல்லுமட்டும் எனக்கும் விளங்கேல்லை. அதில ஒராள் சாகிறதுக்கு முதல்நாள் சொன்னதைக் காய்ச்சல் பிதற்றல் எண்டுதான் நினைச்சனான். என்ர மடியில தலை வைச்சுப் படுத்திருந்து அந்த ரெண்டு ஓட்டையையும் காட்டினவர். "இது எங்கட அப்பா கட்டினது, அதுக்குப் பின்னால நிண்டுதான் எங்கட அண்ணை படம் ஓட்டுறவர், இப்ப லண்டனில இருக்கிறார்" எண்டு சொன்னவர்.