கழுவக் கூடாத காந்தத் துண்டு

என் பெயரும் தந்தை பெயரும் முகப்புத் தாளில் கண்டபடி. வயது முப்பத்து நான்கு. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை. அதன் பின்புறக் குடியிருப்பில், இரண்டாம் மாடியில் மனைவியுடன் வசிக்கிறேன். இவ்வழக்கில் புகார் கொடுத்தவர் என் மனைவியே.

அவர் அதே கூடத்தில் ஆய்வு மாணவி. மூன்று பக்கமும் இடுக்கி போலப் பிடித்துக்கொள்ளும் ஈனி என்ற மூலக்கூறுக்குள் நிக்கல் அணுவை உட்காரவைத்து, விலை கூடிய பல்லேடியம் என்ற உலோகம் செய்கிற வேதிவினையை அதைக்கொண்டே நடத்திக் காட்டியிருந்தார். அவருடைய ஆய்வேடே அதுதான். அதைப் படித்த தேர்வாளர், குடுவைக்குள் கலக்குவதற்காகச் சுழலும் காந்தத் துண்டில் பழைய பல்லேடியம் ஒட்டியிருந்து, அதுவே வினையை நடத்தியிருக்கலாமே என்று கேட்டு எழுதியிருந்தார். "நாளைக்கு நிக்கல் போடாம வெறும் காந்தத்த மட்டும் போட்டு ஓட்டிப் பாத்துடறேன்" என்று மனைவி முந்தாநாள் இரவு சாப்பிடும்போது சொன்னார். அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். நான்தான் பாதியில் கை கழுவி எழுந்தேன்.

அந்தத் துண்டை நான் பார்த்திருக்கிறேன். பொதுத் தட்டிலிருந்து எடுத்தது, வெள்ளையாக இருக்க வேண்டியது ஓரத்தில் கறுத்திருந்தது. அன்று இரவே நான் கூடத்துக்குப் போய், பூட்டியிருந்த அவருடைய இழுப்பறையைத் திருப்புளியால் நெம்பித் திறந்து, துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். துண்டு இல்லாவிட்டால் சோதனை இல்லை, சோதனை இல்லாவிட்டால் பட்டத்துக்கு ஆபத்தில்லை என்று நினைத்தேன். புதுக் காந்தம் போட்டும் பார்க்கலாம் என்பது வேதியியல் படித்த எனக்குத் தோன்றவில்லை.

நேற்றுக் காலையில் மனைவி உடைந்த இழுப்பறையைப் பார்த்து, தன் வேலையைக் கெடுக்க யாரோ செய்ததாக எண்ணிப் புகார் கொடுத்தார். நான்தான் அவரை இந்தக் காவல் நிலையத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டேன். அப்போதும் துண்டு என் பையில்தான் இருந்தது. அதன் பிறகு கூடத்தின் கேமராப் பதிவில் என் முகம் தெரிந்ததால் இன்ஸ்பெக்டர் என்னை அழைத்துவந்தார்.

நேற்று மாலையில் மனைவி நிலையத்துக்கு வந்தார். "புதுக் காந்தம் போட்டு நிக்கலோட ஓட்டினேன். எப்பவும் போல நடந்துச்சு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "தேர்வாளர் சந்தேகப்படலாம், அது அவர் வேலை. உங்களுக்கு என்னங்க வந்துச்சு?" என்று கேட்டார். புகாரை அவர் திரும்பப் பெறவில்லை.

துண்டை ஒப்படைத்துவிட்டேன். வெறும் துண்டை வைத்துச் சோதிக்க மனைவி அதைக் கேட்கிறார். யாரும் கழுவாமல், துடைக்காமல் அவரிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதில் வினை நடக்காது என்று நம்புகிறேன். இதை அவரிடம் முந்தாநாளே சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்க வேண்டும்.

நான் சொன்னதும் எழுதப்பட்டதும் ஒன்றே என்று வாசிக்கக் கேட்டு உறுதி செய்து, என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)