இல்லாத குரூப்புக்கு டாக்டர் பட்டம்

தணிகாசலம்: இரு தம்பி, இரு. ஏழு வருசமா இன்னா தேடுனேன்னு சொன்ன?

துளசிராமன்: தேடல மாமா. கணக்குல, ஒரு வகையான குரூப் இருக்கவே முடியாதுன்னு நிரூபிச்சேன்.

தணிகாசலம்: வெள்ளிக்கெழம நிச்சயம் முடியட்டும், அப்பறம் மாமான்னு கூப்டு.

முத்தம்மாள்: இல்லாதத இல்லேன்னு சொல்ல ஏழு வருசமா!

தணிகாசலம்: நீ சும்மாரு முத்தம்மா. அதுக்கா தம்பி டாக்டர் பட்டம்?

துளசிராமன்: ஆமாங்க. காலேஜ் வேலையும் அதுக்குத்தான்.

தணிகாசலம்: அடப்பாவி! போன ஆடில எங்க எருமை காணாம பூட்சி. பொன்னேரி வரைக்கும் தேடிட்டு வந்து இல்லேன்னேன். இவ எனக்குச் சோறுகூடப் போடல.

துளசிராமன்: இது வேறங்க. தோ, இந்தச் சதுரத் தட்டக் கால்வாசி திருப்பறேன். பழைய மாரியே இருக்குதா? இப்டித் திருப்பறதெல்லாம் சேந்தா ஒரு குரூப்...

முத்தம்மாள்: ஐய, தட்ட உடு தம்பி! பஜ்ஜி உழுந்துடப் போவுது.

துளசிராமன்: இதவிடப் பெரிய பெரிய குரூப்லாம் இருக்குது. அதுல ஒண்ணு இருக்குமா இருக்காதான்னு எல்லாருக்கும் சந்தேகம். நான் இல்லேன்னு...

தணிகாசலம்: சரி, நாளைக்கே எவனாவது, தோ பாரு இருக்குதுன்னு கொண்ணாந்து நிறுத்துனா?

முத்தம்மாள்: ஆமா தம்பி, நிச்சயத்த வச்சுக்கினு மணவாள நகர்லேர்ந்து தனியா வந்து நிக்கிறியே... இன்னா சமாச்சாரம்பா?

துளசிராமன்: கொஞ்சம் தண்ணி...

தணிகாசலம்: அப்பறம் குடிக்கலாம். பொண்ணக் குடுக்கறவன் கேக்கறேன், சொல்லு!

துளசிராமன்: கொண்ணாந்து நிறுத்திட்டாங்க. போன வாரம். எவனோ ஜப்பான்காரன். என் நிரூபணத்துல ஒரு ஓட்டை... இனிமே வேலைய நிரந்தரம் பண்ணுவாங்களான்னு தெரியல.

தணிகாசலம்: அடக் கடவுளே...

துளசிராமன்: தரகர் மூச்சு உடாதன்னாரு. எனக்கு மனசு கேக்கல. உங்க பொண்ணு கனகாம்பாள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க. அதான் பொய் சொல்லிக் கட்டிக்க முடியல. வேணாம்னா சொல்லுங்க, இப்பவே போய்டறேன்.

முத்தம்மாள்: உக்காரு தம்பி! யோவ், வாயில இன்னா கொழுக்கட்டையா? அந்தப் புள்ள உள்ளதச் சொல்லிச்சில்ல? நீயும் சொல்லு.

தணிகாசலம்: இப்பவேவா?

முத்தம்மாள்: சொல்றியா, நான் சொல்லட்டா?

தணிகாசலம்: சொல்றேன்டி... மாப்ளே, நீ இல்லேன்னது இருக்குது. நான் இருக்குதுன்னது... அதான், கும்மிடிப்பூண்டில கனகா பேர்ல அஞ்சு ஏக்கரா நஞ்சைன்னு தரகன் சொன்னானே... அதுல இப்ப ஆணி கம்பெனி ஓடிக்கினுகீது. வித்து மூணு வருசமாச்சு.