வளர்க்கும் என்பதும் வளர்க்காது என்பதும்

அவைக்கு அழகும் என் பேச்சுக்கு அளவும் வகுத்துத் தந்திருக்கும் தலைவர் அவர்களே! நுண்ணோக்கியில் கண் பூத்த அறிஞர் பெருமக்களே! பெற்றதோடு நில்லாமல் பேசவும் கற்றுத்தந்த தாய்மார்களே! எழுந்து போக வசதியாகக் கதவோரம் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அனைவருக்கும் வணக்கம்.

தமிழ் வாத்தியாருக்கு மரபணுக் கூட்டத்தில் என்ன வேலை? 'பிரித்து எழுதுக, சேர்த்து எழுதுக' என்று காலமெல்லாம் விடைத்தாள் திருத்தியவன் நான். நம் உடம்பின் செல்களும் ஓயாமல் அந்த விடையைத்தான் எழுதுகின்றன. மரபணு என்னும் நெடிய வாசகத்தைப் படியெடுக்கின்றன; வேண்டாததை வெட்டுகின்றன; வேண்டியதை ஒட்டுகின்றன. வெட்டும் இடம் மாறினால் விளையும் புரதமும் மாறும்.

இரத்தக்குழாய்க்கென்று வளர்ச்சிக் காரணி என்றொரு புரதம் உண்டு. அது நம் குழாய்களை நாளும் வளர்க்... பொறுங்கள், அதற்குள் கைதட்டுகிறீர்களே! 'வளர்க்கும்' என்பேனா, 'வளர்க்காது' என்பேனா? தமிழில் தலை ஒன்றுதான்; உண்டும் இல்லையும் வாலில் இருக்கிறது. இந்தக் காரணியும் அப்படியே. வால் ஒரு விதமாக ஒட்டினால் செல்லின் கதவைத் திறந்து குழாயை வளர்க்கும். வேறு விதமாக ஒட்டினால், அதே கதவில் போய் உட்கார்ந்துகொண்டு வளரவிடாமல் தடுக்கும்.

என் மச்சான் பேருந்து ஓட்டுநர். காலுக்கு இரத்தம் இறங்கவில்லை, புண் ஆறவில்லை. அவர் தங்கை, அதாவது என் மனைவி, இந்தக் காரணியை அளக்கும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். அண்ணன் காலிலிருந்து எடுத்த தசைத் துணுக்கை அவள் குழுவே சோதித்தது. 'காரணி ஏராளம்' என்று முடிவு வந்தது. ஏராளமாக இருந்தும் ஆறாத காலை என்ன செய்வது? எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர்.

நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த நேரம், மச்சானிடமிருந்து அழைப்பு.

"தங்கச்சி, காலை எடுக்கணும்கறாங்க. நான் அதுக்கு ஒத்துக்க..."

தொடர்பு அறுந்தது.

"ஒத்துக்கிட்டாரா, ஒத்துக்கலையா?" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? வால் வரலையே!" என்று எரிந்து விழுந்தாள். அடுத்த நொடி சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். "ஐயோ, நம்ம சோதனையும் தலையைத்தானே பிடிக்குது! வாலைப் பாக்கவே இல்லையே!"

வாலைப் பார்த்தார்கள். அந்த ஏராளத்தில் பெரும்பங்கு தடுக்கும் வகை! எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை; இன்னொரு முறை சோதித்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடினாள். மச்சான் ஒத்துக்கொண்டுதான் இருந்தார். கையெழுத்தும் போட்டுவிட்டார். அறுவையைத் தள்ளிவைத்து, தடுப்பதை விலக்கும் ஆய்வு மருந்து ஒன்றை முயன்றார்கள். மெல்ல மெல்லப் புண் மூடியது. சுண்டுவிரல் போனது, கால் நின்றது.

எண்ணிக்கை பெரிதென்று எத்தனை முடிவுகளுக்குத் தலையாட்டியிருக்கிறோம்? எத்தனை வாக்கியங்களைப் பாதியில் கேட்டுப் பாராட்டியிருக்கிறோம்? எத்தனை மனிதர்களை முழுதாகக் கேளாமல் முடித்து வைத்திருக்கிறோம்? அறிஞர்களே, அளந்தது போதாது; கடைசி எழுத்து வரை படியுங்கள்!

இன்று காலை மச்சானிடம் கேட்டேன், கூட்டத்துக்கு வருவீர்களா என்று. "பஸ் ஸ்டாப்புலேர்ந்து நடந்தே வர..." என்றார். பாழாய்ப்போன தொடர்பு மறுபடி அறுந்தது. வருகிறாரா, வரவில்லையா? மேடையேறும்வரை எனக்குத் தெரியாது.

அதோ, கதவுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறாரே... ஐயா, தயவுசெய்து அவருக்கு நாற்காலி போடாதீர்கள். கொஞ்ச நேரம் அந்தக் காலில் நிற்கட்டும், நான் கண்ணாரப் பார்த்துக்கொள்கிறேன்.

வால் வரை கேட்ட உங்கள் பொறுமைக்கு என் நன்றி. வணக்கம்!