வயிறு நிறையச் சாப்பிட்டுப் போ

குளிர் பட்டால் இந்த மணிக்கட்டு குத்தும். நீங்கள் ஹீட்டர் போட்டது நல்லதாகப் போயிற்று, ஆபீசர். வருஷக்கணக்காக இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் கத்தி பிடித்த கை. இந்த ஊர் சமோவாக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்த வலி உண்டு.

லூபே என் தங்கை. வயிற்றில் பிள்ளையோடு இங்கே வந்தாள், பிள்ளைக்கு அப்பன் சமோவாவிலேயே நின்றுவிட்டான். இங்கிலீஷ் அவளுக்கு வராது. வேலையிலும் சர்ச்சிலும் எங்கள் சனம்தான் என்பதால் தேவைப்படவும் இல்லை. கடைக்கும் பேங்க்கிற்கும் நான்தான் அவள் வாய்.

எனக்குப் பிள்ளை இல்லை. மசீனா பிறந்த அன்றே லூபே அவளைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "இவ உன் பிள்ளைதான்க்கா. இனி நான் சித்தி, அவ்வளவுதான்." எங்களில் இது புதுசில்லை. அக்கா மடி காலியாக இருந்தால் தங்கை நிரப்புவாள். பத்திரம் கிடையாது, சொன்ன சொல்தான். மசீனாவுக்கு இப்போது ஏழு வயது. நான் தலை வாரினால்தான் பள்ளிக்கூடம் போவாள்.

பெற்றதில் லூபேயின் வயிற்றுத் தோல் பை மாதிரித் தொங்கிவிட்டது. பிரிஸ்பேனில் லாரி ஓட்டும் பெனி அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றதும் அதை வெட்டித் தைத்துக்கொள்ளக் கிளம்பினாள். டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான். "கறி, முட்டை, மீன், கீரை எல்லாம் நன்றாகச் சாப்பிட வேண்டும். அப்போதுதான் காயம் சீக்கிரம் ஆறும்" என்றார்.

ஆக்கிப் போட்டேன். தேங்காய்ப்பாலில் சேம்பு இலை, மாட்டு எலும்புச் சாறு, தினம் முட்டை. வேலை முடிந்து கை வீங்கி வந்தாலும் அடுப்பில் நின்றேன்.

"இப்படி ஊட்டினா டாக்டருக்கு வெட்டுறதுக்கு ரெண்டு கிலோ கூடுதலாக் கிடைக்கும்க்கா" என்பாள்.

"தின்னுடி. வெட்டுனதை வாங்கிட்டு வந்து நம்ம கறி பேக்கிங்ல போட்டுடலாம்" என்பேன். மசீனா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிடும்போது, மீன் முள்ளை எடுத்துக்கொண்டே லூபே சொன்னாள். "கல்யாணம் முடிஞ்சதும் மசீனாவைக் கூட்டிட்டுப் போறேன்க்கா. பெனிக்கும் சம்மதம்."

"என் பிள்ளைய எங்கடி கூட்டிட்டுப் போவே?"

"நான் பெத்ததுதானே. நீ எப்ப வேணா வந்து பாரு."

அவளுடைய தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன். பிள்ளை பெற்ற தழும்பை வெட்டி எறிந்துவிட்டு, பிள்ளையை மட்டும் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் சமையலில் ஒரு குறை வைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் எனக்குப் போன் செய்தாள். ராத்திரிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது. வயிற்றில் ஏதாவது இருந்தால், மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலில் இறங்கிவிடும், உயிருக்கே ஆபத்து என்றாள். சரி என்று நன்றி சொல்லி வைத்தேன்.

எங்களில் பயணம் கிளம்புகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டோம். ஜெபம் பண்ணி, மூத்தவள் தன் கையால் பரிமாறுவாள். வேண்டாம் என்பது அவள் கையைத் தட்டிவிடுகிற மாதிரி. ஆபரேஷன் அன்று காலையில் கொக்கோ போட்ட சோறு, எண்ணெயில் பொரித்த பணியாரம், மாட்டுக்கறி வைத்தேன்.

"ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு பக்கத்து வீட்டு மோனா சொன்னாளேக்கா."

"அவளுக்குக் குடல்ல வெட்டுனாங்க. உனக்குத் தோலுதானே. நர்ஸே போன்ல சொன்னா, வயிறு நிறையச் சாப்பிட்டு வரச் சொல்லி."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். ரெண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்றார்கள். அக்கா நான் இருக்கிறேனே என்றேன். ராத்திரியிலிருந்து ஏதும் சாப்பிட்டாளா என்று நர்ஸ் கேட்டாள். லூபே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னக்கா கேக்குறா?"

"ஜெபம் பண்ணியான்னு கேக்குறா."

சிரித்தபடி தலையாட்டினாள். நான் நர்ஸிடம், "இல்லை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை" என்றேன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "மசீனாவுக்குத் தலை வாரி விடுக்கா" என்றாள். அதன் பிறகு அவள் கண் திறக்கவில்லை.

எங்கள் வழக்கம் அப்படி, தெரியாமல் ஊட்டிவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். தெரிந்துதான் ஊட்டினேன், ஆபீசர். ஆனாலும் அவளைப் பட்டினி போட்டுக் கொன்றேன் என்று யாரும் சொல்ல முடியாது.

மசீனாவைப் பாதிரியார் வீட்டில் வைத்திருக்கிறார்கள். யார் வாரினாலும் தலையைப் பிடுங்கிக்கொள்கிறாளாம். ரெண்டு அம்மா இருந்த பிள்ளை. வெளியே வந்ததும் நன்றாக ஆக்கிப் போட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்றிருக்கிறேன். அவளுக்கு நான் ஓர் அம்மா பாக்கி.