ஆஸ்குட் அடிக்கும் தாளம்

— பதினோராயிரத்து நானூறு டாலர், லொரெட்டா. கம்பெனி அவ்வளவு கொட்டிக் கொடுத்து வந்தது என்ன? ஆல்பம் பூரா டக்கு டக்குன்னு செருப்புச் சத்தம்.

— தோல் அடி வச்ச ஷூ, வெண்டல். ஆடுறவங்க அதைத்தான் போடுவாங்க.

— அம்மா தாயே, அம்பது வருஷத்துக்கு முந்தின ஸ்விங் டான்ஸ் பாட்டை மறுபடி கிளப்புறோம்னு வந்தீங்க, சரின்னேன். அதுக்காக ஸ்டுடியோவுக்குள்ள எட்டு ஜோடியை ஆடவிட்டா பதிவு பண்ணுவாங்க? இந்த லாஸ் ஏஞ்சலஸ்ல எவன் பண்ணியிருக்கான்?

— ஆடுறவங்க இல்லாம நாங்க வாசிச்சதே இல்லையே. எங்க டிரம்மர் ஆஸ்குட் அவங்க காலைப் பாத்துத்தான் அடிப்பான்.

— அதான் வேகம் ஏறுது, இறங்குது. ரேடியோக்காரன் சீந்த மாட்டான். மறுபடி பதிவு பண்ணுவோம். காதுல மெஷின் தாளம் எண்ணும், அதோட ஒட்டி வாசிச்சாப் போதும்.

— ஆஸ்குட்டுக்கு ஒரு காது சுத்தமாக் கேக்காது. இன்னொண்ணு பாதி. துறைமுகத்துல கன்டெய்னர் இறக்கி இறக்கிப் போன காது அது.

— தெரியும். வேற டிரம்மர் பேசி வச்சிருக்கேன். நீ தலையாட்டு, கடனை மறந்துடுறேன்.

— ஆட்டலன்னா?

— டேப் இங்கதான் கெடக்கும். பணத்தைக் கட்டினா எடுத்துட்டுப் போகலாம். ஒப்பந்தம் அப்படித்தான்.

— ஆஸ்குட் இல்லன்னா நான் பாட வாயைத் திறக்க மாட்டேன்.

— வீம்பை வச்சு வாடகை கட்ட முடியாதும்மா.

— பகல் பூரா அடுத்தவன் கூரை மேல தார் பூசுறவ நான். சாயங்காலம் தாரைத் தேச்சுக் கழுவிட்டு மேடை ஏற வைக்கிறது அந்த வீம்புதான். அதையும் வாங்கிக்கப் பாக்கறீங்க.

— சரி, பேசினது போதும். என்ன பண்ணப் போற?

— எங்க வேனுக்குப் பன்னிரண்டாயிரம் தரேன்னு போன மாசம் சொன்னீங்க. அந்தப் பேச்சு நிக்குதா?

— நிக்குது. இன்னொரு குழுவுக்கு வேணும். ஆனா வெள்ளிக்கிழமை உங்களுக்கு சான் டியேகோவுல கச்சேரி இருக்கே.

— இந்தாங்க சாவி. வண்டிப் பத்திரத்துல எங்க குழுவுல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. கடனைக் கழிச்சுக்கிட்டு மீதி அறுநூறையும் டேப்பையும் குடுங்க.

— அவசரப்படாத லொரெட்டா. ஒரு நாள் ஆறப்போடு. வாத்தியமெல்லாம் வேனுக்குள்ள இருக்கு, அதை எங்க கொண்டு போய் இறக்குவ?

— ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. ஆளுக்கொண்ணாத் தூக்கிட்டு நிக்கிறது அந்த எட்டு ஜோடிதான். நான் படியேறும்போதே வேன் காலி.