மதகுக்கு அடியில் ஓர் ஊர்

எனக்குத் திரைப்படம் பார்க்கும் பழக்கம் கிடையாது. வாழ்நாளில் மூன்று முறை கொட்டகைக்குள் போயிருக்கிறேன். மூன்றாவது முறை தூங்கிவிட்டேன். ஆகவே, ‘மதகுக்கு அடியில் ஓர் ஊர்’ என்ற படத்தை நான் பார்த்தேனா என்று நீங்கள் கேட்டதற்கு, இல்லை என்பதே நேர்மையான விடை, காவல் ஆய்வாளர் அவர்களே. யாருமே பார்த்ததில்லை. அப்படி ஒரு படம் எடுக்கப்படவே இல்லை. அது நான் எழுதிய நான்கு வரி.

இராஜாங்கம் என்ற என் பெயரை ஒரத்தநாட்டைச் சுற்றிய ஊர்களில் ஒரு காலத்தில் அறியாதவர் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் மேடையேறியவன் நான். பேய் இல்லை, பேயோட்டுகிறவனின் வயிறுதான் உண்டு என்றேன். சோதிடனின் கட்டத்தில் கோள் இல்லை, உன் பயம்தான் குடியிருக்கிறது என்றேன். சாக்கை விரித்து உட்கார்ந்து கேட்டார்கள். பிறகு ஆள் எடுக்கும் ஏஜெண்டுகள் வந்தார்கள். சேற்றில் இறங்க வேண்டிய கால்கள் விமானம் ஏறின. மிஞ்சியவர்கள் வீட்டுக்கு வீடு கேபிள் கம்பி இழுத்துக்கொண்டார்கள். கடைசியாக நான் பேசிய கூட்டத்தில் ஏழு பேர். இருவர் மைக்செட்காரர்கள், ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டவர்.

அச்சில் வந்தால் இவர்கள் எதையும் நம்புவார்கள் என்று மெய்ப்பிக்க எண்ணினேன். சினிமா நோட்டீஸ் ஒன்று எழுதினேன். அதில் இருந்த கதை இதுதான். கடல் கடந்து போய்க் கடிதம் நின்றுபோனவர்கள் இறந்துவிடவில்லை. மதகுக்கு அடியில் ஓர் ஊரில் காத்திருக்கிறார்கள். புதுத் தண்ணீர் வரும் நாளில், ஷட்டரைத் தூக்கும் கணத்தில், கீழ்ப்புறத்துக் காய்ந்த பள்ளத்தில் நின்று பெற்றவள் தன் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தால், நுரையோடு எழுந்து வருவார்கள். இதற்குக் கீழே, ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது. மயிலாடுதுறையில் ஐம்பதாவது நாள்’ என்று சேர்த்தேன்.

அச்சகம் வைத்திருக்கும் ஜெக்கரியா தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “என்னங்க, சாமியே இல்லேங்கிறவரு, செத்தவனை எழுப்புற படத்துக்கு நோட்டீஸ் அடிக்கிறீங்க?” என்றார். மூன்றே வாரம், பிறகு மேடையில் உண்மையை உடைப்பேன் என்றேன். அன்று அது என் உறுதியான எண்ணமாகவே இருந்தது.

படம் எங்கே ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்து என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். டீக்கடையில் ஒருவர், தம் மைத்துனர் அதை இரண்டு முறை பார்த்ததாகவும், தாய் வேடக்காரி பச்சைப் புடவையில் வருவதாகவும் சொன்னார். பச்சைப் புடவை நான் எழுதாதது. நோட்டீஸைத் தந்தவன் என்பதால் என்னிடம் கதை கேட்க நான் நடத்தும் படிப்பகத்துக்கு வந்தார்கள். முதல் ஞாயிறு நாற்பது பேர். சொன்னேன். அடுத்த ஞாயிறு வாசற்படி வரை நின்றார்கள். மூன்று வாரம் ஆறு வாரமாயிற்று.

கமலாம்பாள் ஒரு பிற்பகலில் தனியாக வந்தார். அவருடைய ஒரே மகன் மதிவாணன் குவைத்தில் ஓட்டுநர். போர் தொடங்கிய பிறகு இரண்டு ஆண்டுகளாக ஒரு வரி இல்லை. அவர் உட்காரவில்லை.

“பூசாரி சொன்னா நான் நம்பியிருக்க மாட்டேங்க. குறி சொல்றவ சொன்னா எந்திரிச்சுப் போயிருப்பேன். நீங்க இல்லாததை இருக்குன்னு ஒருநாளும் சொன்னதில்ல. அதான் உங்ககிட்ட கேக்குறேன். அது நெசமாவே நடந்ததுங்களா?”

“உண்மைச் சம்பவம் என்றுதான் அச்சிட்டிருக்கிறது, அம்மா” என்றேன்.

இதில் பொய் ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடாதீர்கள் என்று நான் கண்டித்தேன். அந்தப் பழக்கம் எனக்கு ஒவ்வாது.

அந்த ஆண்டு தண்ணீர் பிந்தி வந்தது. வாய்க்காலின் மேல்புறத்தில் ஊரே பூவும் நெல்லுமாக நின்றது. கீழ்ப்புறத்தில் நான் மட்டும் கைப்பிடிச் சுவரோரம் நின்றேன். கமலாம்பாள் படிகளில் இறங்கினார். எங்கே வாங்கினாரோ, பச்சைப் புடவை.

இனி நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் இரண்டாவது நோட்டீஸுக்கு வருகிறேன். ‘மூடநம்பிக்கைக்குப் பலியான தாய். கண்டனப் பொதுக்கூட்டம். சிறப்புரை: இராஜாங்கம்.’ ஜெக்கரியா எந்த நோட்டீஸின் அடியிலும் அச்சிட்ட தேதியைப் போடுகிறவர். அவர் தகப்பனார் வைத்த வழக்கம். அந்தத் தேதி, தண்ணீர் வருவதற்கு இரண்டு நாள் முந்தியது. யார் அந்தத் தாய் என்று அவர் அப்போதே கேட்டார். பெயர் தேவையில்லை, நாட்டில் இப்படி எத்தனையோ தாய்மார் என்றேன். உரையையும் முன்பே எழுதிவிட்டேன். நல்ல உரைக்கு ஒரு வாரம் வேண்டும்.

மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வீரையனை நீங்கள் விட்டுவிட வேண்டும். ஷட்டரைத் தூக்கியது அவருடைய கை. ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து பள்ளம் தெரியாது. மேல்புறம் ஆளுயரத்துக்குத் தண்ணீர் முட்டி நின்றது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார், “கீழ ஆள் யாரும் இல்லீங்களே? தூக்கலாங்களா?”

நான் குனிந்து பார்த்தேன். கமலாம்பாளும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அச்சமே இல்லை அந்த முகத்தில். “யாரும் இல்லை, தூக்குங்கள்” என்றேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகளாக இல்லை, இல்லை என்று சொல்லி வந்தவன் நான். அந்த ஒரு முறைதான் கேட்டவுடன் நம்பினார்கள். ஷட்டர் எழுந்தபோது கமலாம்பாள் மகன் பெயரை இரண்டு முறை அழைத்தார். மூன்றாவது முறை எனக்குக் கேட்கவில்லை.

ஒருவர் போனால் ஊர் விழிக்கும் என்று கணக்கிட்டேன். கண்டனக் கூட்டத்தில் நிற்க இடமில்லை. இரண்டு மணி நேரம் பேசினேன். அப்படி ஒரு படமே இல்லை, அவரைக் கொன்றது அறியாமை என்றேன். அழுதார்கள், கைதட்டினார்கள். நான் மேடையை விட்டு இறங்கும்போது விண்ணரசி என்ற பெண் முன்னே வந்தாள். அவள் கணவன் ரெமிஜியஸ் மஸ்கட் போய் மூன்று ஆண்டு. அவனும் கடிதம் போடுவதில்லை.

“எல்லாம் சரிங்கய்யா. தண்ணி வந்தப்ப நீங்கதானே பக்கத்துல நின்னீங்க. கமலாம்பா அவங்க மவனைப் பாத்தாங்களா?”

கலைந்து கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. பின்வரிசையில் இருந்தவர்கள் முன்னே நெருங்கி வந்தார்கள்.

“பார்த்தார்” என்றேன்.

அவ்வளவு பேர் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, வேறென்ன சொல்லியிருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.